கடலுக்குள்ள ஒரு ஆச்சிகுளம்

எனக்குன்னு சொந்தமா இப்போதைக்கு ரெண்டு நாடு, ஏழு ஆறு, அறுபது சொச்சம் ஊரு இருக்கு. ஒரு ஊருக்கும் பஸ் கிடையாது. எல்லாம் லேப்டாப்ல ஒரு ஃபோல்டர்ல கிடக்கு. வீட்டுக்கு வர்றவங்க "தம்பி லீவு நாள்ல என்ன பண்றான்"னு கேட்டா அம்மா "மேப் வரைஞ்சுகிட்டு கிடக்கான்"னு சொல்லுவாங்க, அந்த "கிடக்கான்"ல எல்லாம் அடங்கிரும். இல்லாத ஊருக்கு மேப் போடுறது, இருக்குற ஊரு மேப்ப எடுத்து அங்க இங்க மாத்தி விளையாடுறது, ஏழெட்டு வருஷமா இதுதான் பொழுதுபோக்கு. போன மாசம் அதுல ஒரு மேப் என்னைத் தேடி வீட்டுக்கே திரும்பி வந்துச்சு, அதச் சொல்லத்தான் உக்காந்தேன், ஆனா முன்கதை கொஞ்சம் நீளம்.

ஆரம்பிச்சது எல்லாருக்கும் தெரிஞ்ச அவுட்லைன் மேப்லதான். சோசியல் பரீட்சைக்கு முந்துன நாள் சாயங்காலம் ஸ்கூல் வாசல் கடைல போய் இந்தியா ரெண்டு, தமிழ்நாடு ரெண்டு, உலகம் ஒண்ணுன்னு வாங்குவோமே, அதேதான். கடல் பக்கம் நீல கலர் பென்சில சீவி அந்தத் தூள பஞ்சுல தொட்டு தேச்சா சும்மா நிஜக் கடல் மாதிரி வரும், அதுக்கே எங்க சார் அரை மார்க் சேத்துப் போடுவாரு. பரீட்சை முடிஞ்சு மிஞ்சுன மேப்ப எல்லாரும் தூக்கிப் போட்ருவாங்க, நான் எடுத்து வச்சுக்கிட்டு தமிழ்நாட்டுக்கு புதுசா ஆறு வரைவேன். முக்கியமா ராமநாதபுரத்துக்கு. எங்க அப்பாவோட அம்மாவுக்கு, அதான் எங்க ஆச்சிக்கு, பொறந்த ஊரு அந்தப் பக்கம், பேரு ஏந்தல்னு முடியுற ஒரு கிராமம். தண்ணிக்கு நடந்த கதையச் சொல்லிச் சொல்லியே எங்களுக்குச் சோறு ஊட்டுனவங்க. கல்யாணம் ஆகி தாமிரபரணிக் கரைக்கு வந்ததும் மொத வாரம் முழுக்க காலைலயும் சாயங்காலமும் ஆத்துல போய் சும்மா உக்காந்துகிட்டு இருந்தாங்களாம். அதனால வைகைக்குத் தெக்க ஒரு வத்தாத ஆறு, அத நான் எட்டாம் கிளாஸ்லயே போட்டுட்டேன். பொதுப்பணித்துறைக்கு ஒத்தப் பைசா செலவில்ல.

காலேஜ் முடிச்சு வேலைக்கு வந்து கைல லேப்டாப் கிடைச்சதும் இது பேப்பர்ல இருந்து ஸ்க்ரீனுக்கு வந்துச்சு. இன்க்ஸ்கேப், கிம்ப், கியூஜிஐஎஸ்னு படமும் மேப்பும் போடுற சாஃப்ட்வேர், மூணுமே இலவசம். ஒரே க்ளிக்ல மலை, ஆறு, நாடு எல்லாம் உருவாக்கித் தர்ற அஸ்கார்னு ஒரு ஜெனரேட்டரும் இருக்கு, மொத நாள் ராத்திரி மூணு மணி வரைக்கும் அத அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு நாப்பது உலகத்த அழிச்சேன். ரெண்டு நாள்ல சலிச்சிருச்சு. தானா வந்த ஊரு மேல பாசம் வரமாட்டேங்குது.

முழுக்க முழுக்க நானா போட்ட மொத மேப்ப ரெட்டிட்ல ஏத்துனப்ப ரொம்பப் பெருமையா இருந்துச்சு, அரை மணி நேரத்துல ஒருத்தர் வந்து ஒரே வரில முடிச்சுட்டாரு. ஆறு தப்பு. நடு மலைல ஒரு ஏரி, அதுல இருந்து ஒரு ஆறு கிழக்குக் கடலுக்கும் இன்னொரு ஆறு மேக்குக் கடலுக்கும் போற மாதிரி போட்ருந்தேன், பாக்க அழகா இருக்கும்ல. ஆனா தண்ணிக்கு ஒரே புத்தி, பள்ளம் எங்கயோ அங்க. ஏரி நிரம்புனா இருக்குறதுலயே தாழ்ந்த வாய் வழியாத்தான் வெளிய வரும், ரெண்டு வாய் ஒரே மட்டத்துல இருக்குறது அபூர்வத்துலயும் அபூர்வம். ஆறுகள் ஒண்ணோட ஒண்ணு சேரும், பிரியாது. பிரியுறதெல்லாம் கடல் கிட்ட வந்து மண்ணக் கொட்டுற எடத்துலதான், நம்ம காவிரி முக்கொம்புல கொள்ளிடமாப் பிரியுற மாதிரி. நானும் விடாம தேடி வெனிசுவேலால காசிகியாரேன்னு ஒண்ணு இருக்குறதக் கண்டுபுடிச்சேன், ஓரினோகோ ஆத்துத் தண்ணில ஒரு பங்கு அது வழியா பிரிஞ்சு ரியோ நீக்ரோ போய் அமேசான்ல சேருது. அதக் காட்டி வாதாடிப் பாத்தேன். "உலகத்துக்கே ஒண்ணு ரெண்டு இருக்குறத நீ ஒரு மேப்ல மூணு போட்ருக்க"ன்னு பதில் வந்துச்சு. சரிதான்.

அடுத்த அடி மழை. மலைக்கு ரெண்டு பக்கமும் பச்சப் பசேல்னு காடு போட்ருந்தேன். வெக்கக்கேடு என்னன்னா நான் தென்காசிப் பக்கத்துக்காரன். ஜூன் மாசம் செங்கோட்டை கணவாய் வழியா காத்து வந்து குத்தாலத்துல சாரல் அடிக்கும்போது அங்க இருந்து ஒரு மணி நேரம் கிழக்க போனா வெறும் காத்துதான், தூசிதான், காத்தாடிதான் சுத்தும், மழை இருக்காது. இன்னும் தெக்க கிழக்க இறங்குனா செக்கச் செவேல்னு தேரி மண்ணு. கண்ணால பாத்து வளந்தது கைல வரமாட்டேங்குது, என்ன சொல்ல. அதுக்கப்புறம் எந்த மேப் போட்டாலும் மொதல்ல காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு ஒரு அம்புக்குறி போட்டுட்டுதான் மலையவே நட்டு வைக்கிறேன்.

கடற்கரையும் அப்படித்தான், அது இருந்த எடத்துலயே இருக்காது. கொற்கை ஒரு காலத்துல பாண்டியனோட முத்துத் துறைமுகம், இப்ப போனா வாழைத் தோட்டம், கடலப் பாக்கணும்னா இன்னும் சில கிலோமீட்டர் போகணும். தாமிரபரணி கொண்டாந்து போட்ட மண்ணு. கொற்கை தூந்துபோய் காயல் வந்துச்சு, மார்கோ போலோ பாத்துட்டுப் போனதா எழுதுன ஊரு, அதுவும் தூந்துபோய் இப்ப பழையகாயல்னு உள்ளடங்கி நிக்குது, கடைசில தூத்துக்குடி. இந்த மூணு ஊரையும் மேப்ல பாத்தா ஒரு ஆறு கடலத் தள்ளிக்கிட்டே போன கதை அப்படியே தெரியும். அதனால என்னோட கற்பனை நாட்டுலயும் கடலே இல்லாத எடத்துல ஒரு "பட்டினம்" வச்சிருக்கேன், கேக்குறவங்களுக்கு விளக்கம் சொல்றதுக்காகவே.

பேரு வைக்கிறது, அதுலதான் எனக்குப் பாதி நேரம் போகும், உண்மையச் சொன்னா மேப் வரையுறதே பேரு வைக்கத்தான். இங்கிலீஷ்ல வர்ற கற்பனை மேப்ல எல்லாம் ரெண்டு மூணு எழுத்த மாத்திப் போட்டு நடுவுல ஒரு அபாஸ்ட்ரபி வச்சா ஊரு ஆயிரும். தமிழ்ல அது நடக்காது, பேரு வாய்ல வச்ச உடனே அது எந்த ஜில்லான்னு தெரிஞ்சிரும். விளைன்னு முடிஞ்சா நாகர்கோவில் பக்கம். வலசு, பாளையம்னா கொங்கு. ஏந்தல்னா ராமநாதபுரம், சிவகங்கை. பாக்கம்னா செங்கல்பட்டு, மெட்ராஸ். மங்கலம்னா பழைய காலத்துல ராஜா பிராமணங்களுக்கு மானியமாக் குடுத்த ஊரா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அப்ப பக்கத்துல ஆறோ வாய்க்காலோ நல்ல நஞ்சையோ இருந்தாகணும், பொட்டக்காட்டுல மங்கலம் வச்சா எனக்கே உறுத்தும். துறைன்னா ஆத்துல இறங்குற எடம் வேணும். குறிச்சி, பட்டி, குடி, நல்லூரு எதுவா இருந்தாலும் அதுக்குன்னு ஒரு மண்ணு இருக்கு. ஒரு தடவ ஒரு மேப்ல மலையடிவாரத்துல வலசும் அதுக்கு நாலு இஞ்சு தள்ளி விளையும் போட்டுட்டேன், கோயம்புத்தூர் நண்பன் ஒருத்தன் பாத்துட்டு "உன் நாட்டுல ஈரோட்டுல இருந்து மார்த்தாண்டத்துக்கு நடந்தே போயிரலாம் போல"ன்னான். மாத்துனேன்.

இதுல எழுத்துரு தொல்ல தனி. மேப்ல ஆத்துப் பேர ஆத்தோட வளைவுக்கு ஏத்த மாதிரி வளைச்சு, எழுத்துக்கு எழுத்து எடம் விட்டு எழுதுவாங்கல்ல, தமிழ்ல அப்படி இழுத்தா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு தனித்தனியாப் போய் நிக்கும். "கொள்ளிடம்"னு போட்டா மொத எழுத்துக்குள்ளயே ஒரு கிலோமீட்டர் கேப். ரொம்ப நாளா ஒவ்வொரு எழுத்தையும் தனிப் படமா மாத்தி கையாலயே திருப்பித் திருப்பி வச்சுக்கிட்டு இருந்தேன். கொம்பு கால் இல்லாத பேரா வைக்கிறதுன்னு ஒரு காலத்துல கொள்கையே வச்சிருந்தேன், அதான் என்னோட பழைய மேப்ல எல்லாம் ஆத்துப் பேரு வரதி, கமலம், பவளம்னு இருக்கும், யாரும் அழகியல்னு நினைச்சுக்காதீங்க.

இருக்குற மேப்ப மாத்துறதுல நான் ரொம்ப அனுபவிச்சுப் பண்ணது தாமிரபரணி மெட்ரோ. லண்டன் சுரங்க ரயில் மேப் தெரியும்ல, நேர் கோடு, 45 டிகிரி சாய்வு, தூரத்தப் பத்திக் கவலையே இல்லாம ஸ்டேஷன் எல்லாம் வரிசையா. அத 1931ல போட்டவரு ஹாரி பெக், எலக்ட்ரிக்கல் வரைபடம் போடுற ஆளு, 1933ல தான் அச்சாச்சு. பயணிக்கு ஊரு எங்க இருக்குன்னு வேணாம், எதுக்கப்புறம் எது, எங்க மாறணும், அவ்ளோதான் வேணும்னு புடிச்சாரு பாருங்க. வாய்க்காலும் அதே சங்கதிதானேன்னு தோணுச்சு. தாமிரபரணில எட்டு அணைக்கட்டு, பதினோரு கால்வாய். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். (கோடைமேலழகியான், நதியுண்ணி! இந்தப் பேரு வச்சவன் கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும், ஆத்தையே உண்ணுறதாம்.) ஆத்த நடுவுல தடிச்ச நீலக் கோடா போட்டு, அணைக்கட்ட எல்லாம் ஜங்ஷனாக்கி, கால்வாய் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் குடுத்து, அது பாயுற குளத்த எல்லாம் ஸ்டேஷனாக்கிட்டேன். கடனா நதி திருப்புடைமருதூர்ல வந்து சேருறது ஒரு இன்டர்சேஞ்ச், சிற்றாறு சீவலப்பேரில சேருறது இன்னொண்ணு. மூணு மாசம் ஆச்சு.

அப்பாகிட்ட காட்டுனேன். அவரு அஞ்சு நிமிஷம் பேசவே இல்ல, கண்ணாடியத் தொடச்சு தொடச்சுப் பாத்துட்டு "பாளையங்கால்வாய எதுக்குடா இடது பக்கம் போட்ருக்க, திருநெல்வேலிக் கால்வாய்தான இடது"ன்னாரு. பாத்தா நான் அந்த எடத்துல மட்டும் கலர மாத்திட்டேன். அப்புறம் அவரே உக்காந்து, நான் போடாம விட்ட குளத்துப் பேரா சொல்லச் சொல்ல எழுதுனேன், அம்மா வந்து சாப்பாடு ஆறுதுன்னு மூணு தடவ கத்துனாங்க. நான் போட்டதுலயே அதிகமா சுத்துன மேப் அதுதான், பரவாயில்ல, அதுல பொய் எதுவும் கிடையாது, கோணத்த மட்டும்தான் மாத்துனேன்.

தல கீழ் மேப்பும் ஒண்ணு போட்டேன், தெக்க மேல வச்சு. இது என் யோசன இல்ல, ஹிமால் பத்திரிகை ரொம்ப வருஷம் முன்னாடியே இலங்கை உச்சில இருக்குற மாதிரி தெற்காசியா மேப் போட்ருக்காங்க, 1979லயே ஆஸ்திரேலியாக்காரர் மக்ஆர்தர் உலகத்தயே அப்படித் திருப்பிப் போட்டாரு, அதுக்கெல்லாம் முன்ன 1154ல அல் இத்ரீசி சிசிலி ராஜாவுக்குப் போட்ட மேப்லயும் தெக்குதான் மேல. வடக்கு மேலன்னு சாமியா வந்து சொல்லிச்சு. கன்னியாகுமரி உச்சில இருந்து மத்தவங்களையெல்லாம் குனிஞ்சு பாக்குற மாதிரி இருக்கும், எனக்கு ரொம்பப் புடிச்ச மேப். குடும்ப குரூப்ல போட்டேன், அம்மா ஃபோனத் தல கீழா திருப்புனாங்க, ஃபோன் அதுவா படத்த நிமித்துச்சு, திரும்பத் திருப்புனாங்க, இப்படியே கொஞ்ச நேரம் போராடிட்டு "உன் மேப் ஆடுதுடா"ன்னாங்க.

ஒண்ணே ஒண்ணு, இந்தியாவோட வெளி எல்லையில மட்டும் நான் கை வைக்கிறதே இல்ல. சர்வே ஆஃப் இந்தியா போட்ட மேப்புக்கு ஒத்துவராத இந்தியா மேப்ப வெளியிட்டா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு 1961ம் வருஷத்துச் சட்டத்துல பின்னாடி சேத்த ஒரு பிரிவு இருக்கு. 2016ல ஒரு மசோதா வரைவு வந்துச்சு, அதுல நூறு கோடி வரைக்கும் அபராதம்னு போட்ருந்தாங்க, நல்லவேள அது சட்டமாகல. கற்பனைன்னு கொட்டை எழுத்துல போட்டாலும் சரி, "அந்த ராஜ்யம் உடையாம இருந்திருந்தா"ன்னு வர்ற மேப் எல்லாம் எனக்கு வேணாம், அதுல மேப்ப விட சண்டதான் நிறைய. மாறா நிஜ மேப் போட்டவங்க பட்ட பாட்டப் படிச்சா மரியாதையே வந்துரும். லாம்டன்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி 1802ல பரங்கிமலை பக்கத்துல ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்ட சங்கிலி போட்டு அளந்துதான் இந்தியாவ அளக்குறத ஆரம்பிச்சாரு. அவரோட தியோடலைட், அதான் கோணம் அளக்குற கருவி, அரை டன் வெயிட்டு, 1808ல அத தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுரத்து மேல ஏத்தும்போது கயிறு அறுந்து கோபுரத்துல மோதி நொறுங்குச்சு, மனுசன் வாரக்கணக்குல ரூமுக்குள்ள உக்காந்து ஒவ்வொரு பாகமா நிமித்தி சரி பண்ணாரு. நான் இங்க கன்ட்ரோல் இசட் வேல செய்யலன்னா கத்துறேன்.

இந்தப் பைத்தியத்துல என்ன விட முத்துன கேசு எல்லாம் இருக்கு. அமெரிக்கால ஜெரி கிரெட்ஸிங்கர்னு ஒருத்தர் 1963ல சும்மா கிறுக்க ஆரம்பிச்ச கற்பனை ஊரு, நடுவுல இருபது வருஷம் விட்டுட்டு திரும்ப எடுத்து, இப்ப ஆயிரக்கணக்கான அட்டையா வளந்து நிக்குது. அடுத்து எத மாத்தணும்னு அவரு முடிவு பண்ண மாட்டாரு, சீட்டுக்கட்டு முடிவு பண்ணும். காலைல ஒரு சீட்ட எடுப்பாரு, அது சொல்ற அட்டைய எடுத்து சொல்றபடி வரைவாரு. சில சீட்டு வந்தா ஊருல ஒரு துண்டு அப்படியே வெள்ளையா அழிஞ்சு சூனியமாயிரும், அவரே கட்டுன ஊரு. எனக்கு அந்த தைரியம் கிடையாது. இன்னொரு பக்கம் ஓப்பன்ஜியோஃபிக்ஷன்னு ஒரு கூட்டம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்போட அதே சாஃப்ட்வேர வச்சு இல்லாத உலகத்த தெரு தெருவா, பஸ் ஸ்டாப் பஸ் ஸ்டாப்பா போடுறாங்க, ஆளுக்கு ஒரு நாடு. அங்க போய் ஆசையத் தீத்துக்கோங்க, தயவுசெஞ்சு நிஜ ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல கற்பனை ரோடு போட்டுறாதீங்க, ஆம்புலன்ஸ்காரன் அதப் பாத்துக்கிட்டு வருவான்.

சரி, விஷயத்துக்கு வரேன். குமரிக்கண்டம். தமிழ்ல மேப் விளையாட்டு விளையாடுற எவனும் ஒரு நாள் அங்க போய்த்தான் ஆகணும்.

முதல்ல நான் பண்ணது யோக்கியமான மேப். ஜெப்கோன்னு கடலாழத் தகவல் இலவசமாக் கிடைக்குது, அத கியூஜிஐஎஸ்ல ஏத்தி கடல 120 மீட்டர் இறக்கிப் பாத்தேன், ஏன்னா இருபதாயிரம் வருஷம் முன்ன பனியுகம் உச்சத்துல இருந்தப்ப கடல் மட்டம் கிட்டத்தட்ட அவ்ளோ கீழ இருந்துச்சு. பாக் நீரிணை மொத்தமும் தரையாயிருது, ராமேஸ்வரத்துல இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஆட்டு மந்தைய ஓட்டிக்கிட்டே போகலாம். ஆனா கன்னியாகுமரிக்குத் தெக்க என்ன வருதுன்னா, வாட்ஜ் பேங்க்னு மீன்காரங்க சொல்ற மேடு இருக்கே, அந்த அளவுக்கு ஒரு துண்டு. அவ்ளோதான். அதுக்கப்புறம் படக்குன்னு ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். கண்டமெல்லாம் இல்ல. இத போட்டேன், பதினஞ்சு பேரு லைக், அதுல ரெண்டு பேரு திட்டு.

அப்புறம்தான் பழைய எழுத்துல இருக்குறத அப்படியே மேப்பாக்குனா எப்படி இருக்கும்னு ஆச வந்துச்சு. "பஃறுளி யாற்றுடன் பன்மலை அடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள"ன்னு சிலப்பதிகாரத்துல ஒரு வரி. அதுக்கு உரை எழுதுன அடியார்க்கு நல்லார், பஃறுளிக்கும் குமரி ஆத்துக்கும் நடுவுல எழுநூறு காவதம் (காதம்ங்குற பழைய தூர அளவுதான்), அதுல ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்குன்ற நாடுன்னு ஏழேழா நாப்பத்தொம்பது நாடுன்னு கணக்கே குடுத்துட்டாரு. மேப் போடுறவனுக்கு வேற என்ன வேணும், பேரும் இருக்கு, தூரமும் இருக்கு! ஸ்கேல் போட உக்காந்தேன். காதத்துக்குப் பத்து மைல்னு ஒரு கணக்கு இருக்கு, அதுப்படி போட்டா 7000 மைல், பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல. கன்னியாகுமரில இருந்து நேர் தெக்க தென் துருவமே பதினோராயிரத்துக்குக் கொஞ்சம் கம்மிதான். நம்மாளு ஏழ்தெங்க நாட்டுத் தென்னந்தோப்பு துருவத்தத் தாண்டி அந்தப் பக்கம் ஏறிருச்சு. சின்னக் காவதமா ஒரு கணக்க வச்சு சுருக்கி சுருக்கி ஒரு வழியா கடலுக்குள்ள அடக்குனேன்.

லெமூரியாங்குற பேரு வேற கதை, 1864ல ஸ்கிளேட்டர்னு ஒரு விலங்கியல்காரர், மடகாஸ்கர்லயும் இந்தியாவுலயும் லெமூர் சாதி விலங்கு இருக்கே, நடுவுல ஒரு தரை இருந்து முங்கியிருக்குமோன்னு யோசிச்சு வச்ச பேரு. அப்புறம் கண்டமே நகருதுன்னு வெகனர் சொல்லி, அரை நூற்றாண்டு கழிச்சு அதுவும் நிரூபணம் ஆனதும் இந்த தரை யாருக்கும் தேவைப்படல, நம்மளத் தவிர. நாம அத எடுத்து சங்கப் பாட்டோட ஒட்டி வச்சுக்கிட்டோம், அதுல எனக்குக் கோவமெல்லாம் இல்ல, கடல் கொண்டதுன்னு ஒரு ஞாபகம் எங்கயோ இருந்திருக்கு, பூம்புகாரும் தனுஷ்கோடியும் இருக்குற கரைதானே இது. பள்ளிக்கூடத்துல படிச்சப்ப எனக்கும் சிலுத்துச்சு.

மேப் நல்லா வந்துச்சு, நானே சொல்லிக்கக் கூடாது. பழுப்பு பேப்பர் மாதிரி பின்னணி, மலைக்கெல்லாம் கைல வரைஞ்ச கோடு, பஃறுளிக்கு சரியான வடிகால், மழை மறைவுல அந்த நாப்பத்தொம்பதுல வர்ற ஏழ்முன்பாலை நாடு. ஆத்து வளைவுல ஒரு எடம் காலியா இருந்துச்சு, அங்க சும்மா ஒரு குளத்த வெட்டி ஆச்சிகுளம்னு பேரு போட்டேன். ராமநாதபுரத்துல குடுக்க முடியாதத குமரிக்கண்டத்துல குடுத்தாச்சு. கீழ ஓரத்துல "முழுக்க கற்பனை, விளையாட்டுக்கு வரைந்தது"ன்னு எழுதி ஏத்திட்டு மறந்துட்டேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழம காலைல அஞ்சே முக்காலுக்கு பெரியப்பா குடும்ப குரூப்ல ஒரு ஃபார்வர்டு போடுறாரு. "கடலுக்கடியில் கண்டுபிடிக்கப்பட்ட தமிழனின் பன்னிரண்டாயிரம் ஆண்டு வரைபடம், உலக விஞ்ஞானிகள் அதிர்ச்சி, தமிழனாக இருந்தால் பகிரவும்". என் மேப். கீழ் ஓரத்த மட்டும் எவனோ பதமா வெட்டிருக்கான். எனக்கு மொத ஃபீலிங் கோவம் கூட இல்ல, பழுப்பு பேப்பர் எஃபெக்ட் இவ்ளோ நல்லா வந்திருக்கேன்னு சந்தோசம், அப்புறம்தான் வயிறு கலங்குச்சு.

ஃபோன் போட்டேன். "பெரியப்பா, அது நான் வரைஞ்சது."

"ஏல போல, நீ வரையிறது ரயில்வே மேப்பு. இது கண்டுபுடிச்சது."

"இல்ல பெரியப்பா, பஃறுளிக்கு மேல ஒரு குளம் இருக்கா பாருங்க, ஆச்சிகுளம்னு."

"பாத்தேன்ல, அத வச்சுத்தான சொல்லுதேன். பன்னிரண்டாயிரம் வருசம் முன்னயே ஆச்சின்னு வார்த்த இருந்திருக்கு பாத்தியா. அந்த காலத்துலயே பொம்பள பேருல குளம் வெட்டிருக்கான்."

அமெரிக்கால அக்லோன்னு ஒரு ஊரு கதை உண்டு. 1930கள்ல ஜெனரல் டிராஃப்டிங்னு ஒரு மேப் கம்பெனி, நம்ம மேப்ப எவனாவது காப்பி அடிச்சா புடிக்கணும்னு, நியூயார்க் மாநிலத்துல ரோடு பிரியுற ஒரு எடத்துல இல்லாத ஒரு ஊரப் போட்டு வச்சாங்க, லிண்ட்பெர்க், ஆல்பர்ஸ்னு ரெண்டு பேரோட இனிஷியலக் கலைச்சுப் போட்ட பேரு. பின்னால இன்னொரு கம்பெனி மேப்லயும் அந்த ஊரு வந்துச்சு, மாட்டிக்கிட்டானுங்கன்னு பாத்தா, அங்க போய்ப் பாருங்க ஊரு இருக்குன்னுட்டாங்க. நிஜமாவே அங்க ஒரு கடை, அக்லோ ஜெனரல் ஸ்டோர். கடை வச்சவரு மேப்ல அந்த எடத்துக்கு அக்லோன்னு போட்டிருக்கவும் அந்தப் பேரையே போர்டுல எழுதிட்டாரு. இத ரொம்ப நாளா எல்லார்கிட்டயும் தமாசா சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். இப்ப எங்க பெரியப்பா என் குளத்துக்கரைல கடை போட்டுட்டாரு.

"பெரியப்பா, அது உங்க அம்மா பேருல நான் வச்ச குளம். ஆச்சி பொறந்த ஊருல தண்ணி இல்லன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்கல்ல, அதுக்காகப் போட்டது. வேணும்னா ஒரிஜினல் ஃபைல அனுப்புறேன், பாருங்க."

ஃபைல அனுப்புனேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. பதில் இல்ல. குரூப்ல அந்த ஃபார்வர்ட அழிக்கவும் இல்ல, அதுக்குள்ள சித்தப்பா, அத்தை எல்லாரும் கும்புடு போட்டு முடிச்சாச்சு, மதுரைல இருந்து ஒரு மாமா வேற குரூப்ல இருந்து அதையே திரும்பக் கொண்டாந்து போட்டாரு. நான் எல்லாருக்கும் பொதுவா ஒரு விளக்கம் எழுதுனேன், நீளமா, ஜெப்கோ, 120 மீட்டர், ஸ்கிளேட்டர் எல்லாம் போட்டு. அத்தை மட்டும் ஒரு பூங்கொத்து அனுப்புனாங்க. அதுல இருந்து ஒண்ணு மாத்திக்கிட்டேன், கற்பனைங்குறத ஓரத்துல எழுதுறதில்ல, கடலுக்கு நடுவுல பெருசா, ஆத்துப் பேரு மேல ஏறுற மாதிரி போட்ருறேன், வெட்டுனா மேப்பே போயிரும். பாக்க கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கு.

ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி பெரியப்பா கூப்புட்டாரு. சாப்டியால, மழை உண்டா அங்கன்னு அது இதுன்னு பேசிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு.

"அம்மைக்கு அந்தக் கொளத்த இன்னும் கொஞ்சம் பெருசா போடக்கூடாதால?"

போட்டுக்கிட்டு இருக்கேன். ஆனா லேசுப்பட்ட வேலையா இல்ல, கொளம் பெருசானா கரைய ஒசத்தணும், மறுகால் எங்கன்னு பாக்கணும், மறுகால் தண்ணி பஃறுளிலதான் போய் விழணும், நடுவுல நான் ஏற்கனவே வச்ச ஒரு மங்கலம் நிக்குது. அந்த ஊர கிழக்க தள்ளுனா நஞ்சை போயிரும். நேத்து ராத்திரி வரைக்கும் பாத்தேன், மேக்க ஒரு மேட்டக் கரைச்சா வழி கிடைக்கும் போல.